நீலகிரிச் சோலைத் தடத்தில் காலை வெயிலைப் படமெடுக்க: இ-பாஸ் முதல் ஈரம் துடைப்பதுவரை

மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, அதன்மேல் சாய்ந்து விழும் காலை வெயில். கேமராவோடு முதல்முறை நீலகிரிக்கு வருபவர்களில் பலர் இந்த ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் மலை ஏறுகிறார்கள். படம் எடுப்பது பெரிய வித்தை இல்லை. அந்த வெயில் விழுகிற நேரத்தில், அந்தத் தடத்தில், முறையான அனுமதியோடு நிற்பதுதான் சிரமம். நான் விசாரிக்கத் தொடங்கியபோது ஓர் அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். அங்கே போனால், “ஆன்லைன்ல பாருங்க சார்” என்றார்கள். ஆன்லைனில் எதைப் பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, எதை முதலில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

விடுமுறை கிடைக்கிற தேதிக்கு மலையேறினால் வெயில் கிடைக்கும் என்று உறுதியில்லை. நீலகிரியின் மேற்குப் பக்கம், அதாவது அவலாஞ்சி, கூடலூர், பந்தலூர் பகுதிகள், ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவமழையில் நனைந்துகொண்டே இருக்கும். கோத்தகிரியும் குன்னூரும் கிழக்குச் சரிவில் இருப்பதால் அக்டோபர் முதல் டிசம்பர் முற்பகுதிவரை வடகிழக்குப் பருவமழையை அதிகம் வாங்கும். அந்த மாதங்களில் மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்து நிற்பதும் உண்டு.

இரண்டுக்கும் தப்பி நிற்பது டிசம்பர் பின்பாதி முதல் பிப்ரவரி முன்பாதிவரை. என் கணக்கில் இதுதான் சரியான காலம். காரணம் மழை இல்லாதது மட்டும் இல்லை, சூரியன் நிற்கும் உயரமும்தான். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே தாழ்ந்து போவதால் சாய்வான வெளிச்சம் நெடுநேரம் நிற்கும். வெளிச்சம் இன்னும் பயன்படுமா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது: திறந்த இடத்தில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருந்தால் சூரியன் 45 பாகைக்குக் கீழே இருக்கிறது, வேலை நடக்கும். கோத்தகிரிப் பக்கம் டிசம்பர் கடைசியில் காலை பத்தேகால்வரை இப்படி இருக்கும். ஏப்ரல் நடுவில் ஒன்பதேகாலுக்கே முடிந்துவிடும். இந்த ஒரு மணி நேர வித்தியாசம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது நான்காவது படியில் புரியும்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல்வரை காட்டுத்தீக் காலம். காய்ந்த புல்லும் சருகும் கிடக்கிற அந்த நாட்களில் வனத்துறை நடைத்தடங்களை மூடுவது வழக்கம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் சிக்கிய காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்துவிட்டன. “தெரிஞ்ச ஆள் இருக்கார், உள்ளே விட்டுடுவார்” என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

மே மாதம் வேண்டவே வேண்டாம். கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். போக்குவரத்தை ஒருவழியாக்கி, குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் விடுவார்கள். கோத்தகிரிக்கு நேராக ஏறலாம் என்று போட்ட திட்டம் அடிவாரத்திலேயே கலைந்துவிடும்.

2. இடம்: எங்கே நடக்கலாம், எங்கே கூடாது

நீலகிரியில் காடு என்று கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஒரே சட்டத்தின்கீழ் வருவதில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

முதல்முறை வருபவர்களுக்கு நான் சொல்லும் இடம் கோத்தகிரிக்குப் பக்கத்திலுள்ள லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர் பரப்புள்ள காப்புக்காடு, அதாவது அரசு ஒதுக்கிப் பாதுகாக்கும் காடு. சுற்றியுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் தருவதும் இந்தச் சோலைதான். மரங்கள் நெருக்கமாக, பாசி படிந்து, கிளைகள் முறுக்கிக்கொண்டு நிற்கும். வெயில் உள்ளே வருவதே சின்னச் சின்ன இடைவெளிகள் வழியாகத்தான். ஆகவே வந்து விழுகிற ஒவ்வொரு கற்றையும் தனியாகத் தெரியும்.

இரண்டாவது, ஊட்டியிலிருந்து அவலாஞ்சி போகும் சாலையில் உள்ள கேர்ன்ஹில். இங்கே இருப்பது நட்டு வளர்த்த சைப்ரஸ் மரங்கள். நேராக உயர்ந்த தண்டுகளுக்கு நடுவே நீளமான கோடுகளாக வெளிச்சம் இறங்கும். சோலைக்காட்டின் கலைந்த அழகு இதில் கிடையாது, ஆனால் சட்டகம் அமைப்பது சுலபம். தலைக்குந்தா பக்கத்துப் பைன் காடும் இதே ரகம்தான். சுற்றுலாப் பயணிகள் நிரம்புவதற்குள் போய்விட வேண்டும்.

முதுமலைப் புலிகள் காப்பகத்திலும் முக்கூர்த்தி தேசியப் பூங்காவிலும் நம் விருப்பத்துக்கு நடக்க முடியாது. இவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. தெப்பக்காடு, மசினகுடிச் சாலையில் மூங்கிலுக்கு நடுவே வெயில் அருமையாக விழும், கை துறுதுறுக்கும். அங்கே வண்டியை ஓரங்கட்டி இறங்குவது குற்றம், அபராதம் விதிப்பார்கள். யானை நடமாட்டம் உள்ள சாலை அது.

தேயிலைத் தோட்டங்கள் தனியார் சொத்து. சில்வர் ஓக் மரவரிசைக்கு ஊடே பனியும் வெயிலும் கலந்து வரும் காட்சிக்குத் தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டாலே பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கேட்காமல் உள்ளே நுழைந்தால், கொழுந்து பறிக்கிற அம்மாக்கள் முன்னாலேயே மேஸ்திரி வந்து வெளியே அனுப்புவார்.

3. இ-பாஸ்

சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் தேவை. அரசுப் பேருந்திலோ மலை ரயிலிலோ வந்தால் இது வேண்டாம். டிஎன் 43 என்று நீலகிரியில் பதிவான வண்டிகளுக்கும் விலக்கு உண்டு.

விண்ணப்பிக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: ஓடிபி வரக்கூடிய கைபேசி எண், வண்டி எண், எத்தனை பேர், என்ன எரிபொருள், எந்தத் தேதி வந்து எந்தத் தேதி போகிறீர்கள், தங்குமிடம். தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் தளத்தில்தான் பதிய வேண்டும். முகவரியில் டிஎன்இஜிஏ என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாஸுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

2025இல் ஏப்ரல் முதல் ஜூன்வரை வாரநாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பு வைத்தார்கள். அப்படி வரம்பு உள்ள மாதங்களில் சனி ஞாயிறுக்கான பாஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும். அறையை முன்பதிவு செய்வதற்கு முன்னாலேயே பாஸை எடுத்துவிடுங்கள். வாடகை வண்டியில் வருவதானால், எந்த வண்டி வருகிறதோ அதன் எண்ணுக்குத்தான் பாஸ் இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் டிராவல்ஸ்காரர் வேறு வண்டி அனுப்பி, கல்லார் சோதனைச்சாவடியில் நின்று புதிதாகப் பதிவு செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட்ட நாளில் அங்கே போன் சிக்னலும் திணறும். முந்தின நாளே வண்டி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கியூஆர் குறியீடு உள்ள பக்கத்தைப் படமாகச் சேமித்து, ஒரு தாளில் அச்செடுத்தும் வையுங்கள்.

சோதனைச்சாவடியிலேயே பிளாஸ்டிக்கும் பார்ப்பார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்கும் மாவட்டத்தில் தடை. ஸ்டீல் பாட்டில் கொண்டு வாருங்கள். கேமராவை மழைக்குச் சுற்றுவதற்கென்று பாலித்தீன் பைகளை அள்ளிவராமல் துணி உறையாக வாங்கிவிடுங்கள்.

4. வனத்துறை அனுமதி

இ-பாஸ் மாவட்டத்துக்குள் வருவதற்கு. காட்டுக்குள் போவதற்கு அது செல்லாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, சோலை வாசலில் இ-பாஸைக் காட்டி வாதாடுகிறவர்கள் நிறைய.

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். தனிநபருக்கு இப்போதுள்ள நேர்வழி, 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் பதிவு செய்வது. தொடங்கியபோது மாநிலம் முழுக்க 40 தடங்கள். லாங்வுட் சோலையும் கேர்ன்ஹில்லும் அவற்றில் எளிய தடங்களாக இருக்கின்றன. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். பதிவுக்கு ஒவ்வொருவரின் அடையாள அட்டை விவரம், அவசரத்துக்கு அழைக்க ஒரு எண், உடல்நலம் பற்றிய உறுதிமொழி எல்லாம் தயாராக இருக்கட்டும். அன்றைக்கு அசல் அடையாள அட்டையையும் கையில் வையுங்கள். பிள்ளைகளை அழைத்துவருவதானால் வயது வரம்பையும் பெற்றோர் ஒப்புதல் விதியையும் பதிவுக்கு முன் படித்துவிடுங்கள்.

அடுத்தது நேரம். வழிகாட்டியோடு போகும் நடை அவர்கள் சொல்லும் நேரத்தில்தான் தொடங்கும். நீங்கள் நினைக்கிற சூரிய உதயத்துக்கு யாரும் காட்டுக்குள் விடமாட்டார்கள், விடவும் கூடாது. விடியற்காலை கரடியும் காட்டெருமையும் நடமாடும் பொழுது. எனவேதான் மாதத்தை முதல் படியில் வைத்தேன். ஏழரை எட்டு மணிக்கு உள்ளே விட்டாலும், டிசம்பரிலும் ஜனவரியிலும் உங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் சாய்வெயில் மீதி இருக்கும். ஏப்ரலில் அதே நேரத்துக்குள் போனால், நல்ல இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் வெயில் உச்சிக்குப் போய்விடும்.

பதிவில் நடை தொடங்கப் பல நேரங்கள் காட்டினால் எப்போதும் முதல் நேரத்தையே எடுங்கள். வாரநாளாக இருந்தால் குழு சிறியதாக இருக்கும். காலையில் வழிகாட்டியைச் சந்தித்ததுமே, “அண்ணா, நாங்க படம் எடுக்க வந்திருக்கோம், அங்கங்க நிப்போம்” என்று சொல்லிவிடுங்கள். நடக்க மட்டும் வந்த குழுவோடு சேர்ந்துவிட்டால் ஒவ்வொரு நிறுத்தமும் சங்கடம்தான். நண்பர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து பதிவது இதற்கு நல்ல வழி.

முக்காலி கொண்டுவரலாமா, பெரிய லென்ஸுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை வனச்சரக அலுவலகத்தில், ஊர்க்காரர்கள் ரேஞ்ச் ஆபீஸ் என்பார்களே அங்கே, முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கல்யாணப் படம், விளம்பரம், குறும்படம் எல்லாம் வணிகப் படப்பிடிப்பில் சேரும். அதற்கு விண்ணப்பம் வேறு, கட்டணம் வேறு, காத்திருக்கும் காலமும் அதிகம். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

5. செலவு

ட்ரெக் தமிழ்நாடு தடங்களுக்குத் தொடக்கத்தில் ஆளுக்கு 599 ரூபாயிலிருந்து கட்டணம் வைத்திருந்தார்கள். தடத்துக்குத் தடம் மாறும். பதியும் நாளில் தளத்தில் காட்டுவதுதான் கணக்கு. பணம் போவது பெரும்பாலும் அறைக்கும் வண்டிக்கும்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்தில் ஏறி, முந்தின இரவே கோத்தகிரியில் தங்கிவிட்டால் இ-பாஸ் வேலையும் இல்லை, செலவும் பாதியாகும். ஊட்டியில் தங்கிக்கொண்டு லாங்வுட் வருவது வீண். காலை இருட்டில் சுமார் 30 கிலோமீட்டர் மலைச்சாலை, அதுவும் பனிமூட்டத்தில். காலை ஆறரைக்கு ஆட்டோ வேண்டும் என்றால் முந்தின மாலையே ஸ்டாண்டில் பேசி, டிரைவர் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

புது லென்ஸ் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்பதில்லை. கேமராவோடு வந்த 18–55 மி.மீ. லென்ஸே போதும். காசு செலவழிக்க ஆசை இருந்தால் ஒரு போலரைசர் ஃபில்டர் வாங்குங்கள். சுமாரானது ஒன்றரை ஆயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கும். ஈர இலைகளின் பளபளப்பைக் குறைத்து உண்மையான பச்சையைக் கொண்டுவர இதைவிட்டால் வேறு வழியில்லை.

6. உடையும் பையும்

மங்கிய பச்சை அல்லது பழுப்பு நிற முழுக்கை உடை, பிடிமானமுள்ள ஷூ, ஸ்வெட்டர். மழை ஓய்ந்த மாதங்களில்கூட ஈரத்தடத்தில் அட்டை இருக்கும். நீளமான அட்டைக் காலுறை போடுங்கள், கொஞ்சம் உப்பும் வையுங்கள். கடித்த அட்டையைப் பிய்க்காதீர்கள், உப்பு வைத்தால் தானாக விழும். வாசனைத் தைலம் வேண்டாம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் உபரி பேட்டரியைச் சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்தும் மெல்லிய பருத்தித் துணி இரண்டும் போதும்.

7. தடத்தில் வெயிலைப் பிடிப்பது

ஒளிக்கற்றை தெரிய இரண்டு வேண்டும்: காற்றில் ஈரம், கற்றைக்குப் பின்னால் இருட்டு. முந்தின நாள் தூறல் போட்டு, காலையில் வானம் வெளுத்திருந்தால் அதுதான் நாள். சோலைக்குள் முதல் வெயில் பட்டதும் நனைந்த மரப்பட்டையிலிருந்து ஆவி எழும். பாசி நரம்பு நரம்பாக ஒளிரும், அதன் நுனியில் நிற்கிற துளி ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிச் சூரியன் தெரியும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆவி போய்விடும். வழிகாட்டி முன்னே நடந்தாலும், ஆவி எழும் மரத்தைக் கண்டால் நின்றுவிடுங்கள்.

கற்றைகள் சூரியனை நோக்கி நின்றால்தான் நன்றாகத் தெரியும். முதுகைக் காட்டி நின்றால் காடு வெறும் பச்சையாக இருக்கும். குளிர்காலத்தில் சூரியன் தென்கிழக்கில் உதிக்கிறது. எனவே தென்கிழக்கு நோக்கி வளையும் பகுதிகளை முந்தின நாளே கைபேசி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சூரியனை நேராகச் சட்டகத்தில் வைக்காமல் ஒரு தண்டுக்குப் பின்னால் மறையுங்கள். அரை அடி இடப்பக்கம் வலப்பக்கம் நகர்ந்தால் போதும், படமே மாறும்.

கிழக்கே மேடு இருக்கும் தடத்தில் வெயில் தாமதமாகத்தான் இறங்கும். தாமதமாக உள்ளே விடப்பட்டவர்களுக்கு அது வரம். இப்படிப்பட்ட சரிவுகளை வழிகாட்டியிடம் கேளுங்கள். எந்த வளைவில் எத்தனை மணிக்கு வெயில் வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நிழல் குட்டையாகி, தரையெங்கும் வெள்ளைப் புள்ளிகளாக வெயில் சிதறினால் பாதைப் படத்தை நிறுத்திவிடுங்கள். அந்தப் புள்ளிகளை எந்த மென்பொருளும் சரிசெய்யாது. அப்போது பெரணியின் சுருள், சோலை மரங்களின் செம்பு நிறத் துளிர், பின்வெயிலில் ஒளிரும் ஒற்றை இலை என்று குனிந்து நெருங்கிப் பாருங்கள்.

8. கேமரா அமைப்பு

ரா கோப்பாகவே, அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் வடிவில், எடுங்கள். இருட்டும் வெளிச்சமும் இவ்வளவு மோதும் காட்சியில் ஜேபெக் தாங்காது. வெளிச்சத்தை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் குறைத்து வையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). நிழலைப் பிறகு தூக்கலாம், வெளுத்துப்போன கற்றை திரும்ப வராது. வெளிச்சப் பரவலைத் திரையில் வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டக் கூடாது. முக்காலி இருந்தால் பிறகு ஒன்றாக இணைக்க இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்து வையுங்கள்.

பாதை முழுக்கத் தெளிவாக வர லென்ஸின் துளை அளவு எஃப் 8 முதல் எஃப் 11 போதும். தண்டோரத்தில் சூரியன் நட்சத்திரமாகத் தெறிக்க வேண்டுமென்றால் எஃப் 16. அதற்குமேல் போனால் படம் மொத்தமும் மென்மையாகிவிடும். கையில் பிடித்து எடுக்கும்போது ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 400, 800 என்று ஏற்றத் தயங்காதீர்கள். ஆடிய படத்தைவிட, மணல் தூவினாற்போலக் கொஞ்சம் புள்ளி விழுந்த படம் எவ்வளவோ மேல். வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாமல் வெயில் என்று வையுங்கள். தானியங்கி காலையின் மஞ்சளைத் துடைத்துவிடும். போலரைசர் பக்கவாட்டு வெளிச்சத்தில் நன்றாக வேலை செய்யும். சூரியனை நோக்கித் திரும்பும்போது கழற்றிவிடுங்கள், வெளிச்சத்தைத் தின்பதுதான் மிச்சம்.

கைபேசியில் எடுப்பவர்கள் முதலில் லென்ஸைத் துடையுங்கள். விரல் ரேகை இருந்தால் படம் முழுக்கப் புகை. அப்புறம் திரையில் கற்றையின் பிரகாசமான இடத்தை அழுத்திப் பிடித்துப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். அகலக்கோணத்தைவிட முதன்மை லென்ஸே நல்லது.

9. காட்டெருமை, கரடி

லாங்வுட்டிலும் சுற்றியுள்ள தேயிலையிலும் காட்டெருமை சாதாரணமாக மேயும். கோத்தகிரிப் பக்கம் கரடியும் அதிகம். எங்களோடு வந்த வழிகாட்டி ஒரு திருப்பத்தில் கையை நீட்டித் தடுத்து, “பொறுங்க சார், மாட்டு வாசம் அடிக்குது” என்றார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சற்று நேரத்தில் புதரிலிருந்து ஒரு காட்டெருமை எழுந்து நின்றது, ஒரு பேருந்து நீளத்துக்குள். அவர் நில் என்றால் நில்லுங்கள், ஏன் என்று பிறகு கேட்கலாம். வியூஃபைண்டருக்குள் கண்ணை வைத்தபடி பின்னால் நடக்காதீர்கள். ஃபிளாஷ் கூடாது. கருமந்தியையும் மலையணிலையும் கூப்பிட்டுத் திருப்ப முயலாதீர்கள். பறவையை வரவழைக்கப் போனில் குரல் போடுவதும் வேண்டாம்.

10. அறைக்குத் திரும்பியதும்

குளிர்ந்த காட்டிலிருந்து ஹீட்டர் போட்ட அறைக்குள் நுழைந்ததும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸுக்குள்ளும் ஈரம் படியும். அதுவே நாளடைவில் பூஞ்சையாகும், சுத்தம் செய்யும் செலவு சின்ன லென்ஸின் விலையை நெருங்கிவிடும். பையின் ஜிப்பைத் திறக்காமல் ஒரு மணி நேரம் அப்படியே வைத்துவிடுங்கள். படங்களைப் பார்க்க அவசரமாக இருந்தால் மெமரி கார்டை அறைக்குள் வருவதற்கு முன், வாசலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு துணியால் ஒற்றி எடுத்து, லென்ஸ் மூடியைக் கழற்றி, சிலிக்கா ஜெல்லோடு இரவு முழுக்க மூடிவையுங்கள். ஊருக்குப் போனபின் அந்தப் பொட்டலங்களை நன்றாகக் காயவைத்தால் அடுத்த முறைக்கும் ஆகும்.